பாறை நிற்கிறது, கூழாங்கல்தான் படுத்துகிறது

நண்பர் ஒருவர் வீட்டு முன்பக்கத்தில் புல்லை எடுத்துவிட்டுக் கல் போடலாமா, வெயில் மழைக்கெல்லாம் தாங்குமா என்று கேட்டிருந்தார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எங்கள் தோட்டத்தில் கல் போட்டு வருடக்கணக்காகிவிட்டதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பெரிய பாறைகள். கருங்கல்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பகலெல்லாம் வெயிலில் வெந்து, சாயங்காலம் அடைமழையில் நனைந்தாலும் ஒரு சில்லு பெயர்ந்ததில்லை, நிறம் மங்கியதில்லை. கட்டடத் தரமுள்ள கருங்கல் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. கல்லைக் கெடுப்பது பெரும்பாலும் உள்ளே இறங்கும் தண்ணீர்தான். கடுங்குளிர் உள்ள இடங்களில் அது உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துக் கல்லைப் பிளக்கும். கடலோரத்தில் உப்பைக் கூட்டிக்கொண்டு போய், காய்ந்ததும் உப்பு படிகமாகி மேல்பரப்பை உரிக்கும். தண்ணீரே நுழையாத கல்லுக்கு இரண்டு தொல்லையும் குறைவு.

பதித்தவர்களும் பாறை வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். குழி வெட்டி, ஜல்லி போட்டு, திமிசால் இடித்து இறுக்கி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி பாறையை இறக்கினார்கள். மண்மேல் சும்மா உட்கார வைத்தால் லாரியில் வந்து இறங்கியது அப்படியே கிடப்பதாகத் தெரியும். அடிமண் கரைந்தால் சாயவும் செய்யும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஒரு கன மீட்டர் கருங்கல் 2,600 கிலோவுக்கு மேல் இருக்கும். எந்த முகம் வாசலைப் பார்க்க வேண்டும் என்பதை இயந்திரம் வருவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். அப்புறம் கடப்பாரையால் நெம்பித் திருப்புவதெல்லாம் நடக்காது.

மழை வரும்போது இந்தப் பாறைகள் எவ்வளவு அழகு என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறம். நனைந்ததும் கறுத்து, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புத் துகள்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும், மைக்கா மினுங்கும். மழை பிடித்தால் குடையோடு வெளியே போய் நிற்கிறேன்.

மணற்கல்லில் கொஞ்சம் கவனம் வேண்டும். அது படிவு படிவாக உருவான கல். தரையில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே, அடுக்குகள் கிடைமட்டமாக இருக்கும்படி வைக்க வேண்டும். எங்களுக்கு வைத்தவர்கள் ஒரு பலகையை மட்டும் அழகுக்காக நட்டமாக நிறுத்திவிட்டார்கள். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கி, அது இப்போது வெங்காயத் தோலாக உரிகிறது. பக்கத்திலேயே படுக்கையாகக் கிடக்கும் அதே கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கும்போது சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல கல், மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிற கல் சுண்ணாம்பு வகை. பளிங்கும் அதில் சேர்ந்ததுதான். மழைநீரே லேசான அமிலம் என்பதால் அதன் பளபளப்பு நாளாக ஆகப் போய்விடும்.

சரி, இப்போது கூழாங்கல்.

பாறைகளைச் சுற்றிக் கூழாங்கல் பரப்பி, அடியில் களைத்தடுப்பு விரிப்பும் (களை முளைக்காமல் இருக்க மண்மேல் விரிக்கும் நார்த்துணி) போட்டுக் கொடுத்தார்கள். “இனிமேல் களையே எடுக்க வேண்டாம்” என்பதுதான் சொல்லப்பட்ட வார்த்தை. முதல் வருடம் அது உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் காற்றில் வரும் தூசியும் மக்கும் சருகும் கற்களின் இடுக்கில் இறங்கி, விரிப்புக்கு மேலேயே மண்ணாகிவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை. போன வாரம் ஓர் இடத்தில் கல்லை விலக்கிப் பார்த்தேன். விரல் கனத்துக்குக் கறுப்பு மண், அதில் ஒரு மண்புழு வேறு. பறந்து வரும் விதைக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது.

மேலே முளைத்தது வேரைக் கீழே விடுகிறது. அருகம்புல்லைப் பிடித்து இழுத்தால் வேர் விரிப்பின் நாரோடு பின்னிக்கொண்டு, ஒரு கொத்து நாரையும் கிழித்துக்கொண்டு வருகிறது. கிழிந்த ஓட்டை அடுத்த களைக்கு வழி. கோரைக்கு அந்த வழியும் தேவையில்லை. அடியில் இருந்தே ஊசி முனையால் விரிப்பைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். வெறும் மண்ணாக இருந்தால் களைக்கொத்தால் கொத்தி அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை. இங்கே கொத்தைப் போட்டால் கல்லில் பட்டுத் தெறிக்கிறது. எல்லாம் கையாலேயே பிடுங்க வேண்டும்.

சுத்தம் செய்ய ஒரே வழி, கல்லை அள்ளிச் சலித்துக் கழுவித் திரும்பப் போடுவது. 10 சதுர மீட்டருக்கு 5 செ.மீ. கனம் என்று வைத்தாலே அரை கன மீட்டர் கல், எடை முக்கால் டன் வரும். அதை ஒவ்வொரு கூடையாக அள்ளிப் பார்த்தால்தான் என் கோபம் புரியும்.

நியாயமாகச் சொன்னால் அந்த விரிப்பு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இத்தனை மழைக்கும் கற்கள் சேற்றில் புதையவில்லை, அடிமண்ணும் மேலே வரவில்லை. தண்ணீரும் தேங்காமல் இறங்குகிறது. நடைபாதைக்கும் வடிகால் ஓரத்துக்கும் அதைப் போடுங்கள் என்று நானே சொல்வேன். களையைத் தடுக்கும் என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆக, பாறை அருமை, மணற்கல் பார்த்து வைத்தால் நல்லது, விரிப்பும் பாதி நல்லது. இவ்வளவு சொன்ன பிறகும், புல்லுக்குப் பதிலாகக் கூழாங்கல் போடலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இடுப்பு வலி இன்னும் போகவில்லை. மரம் எதுவும் இல்லாத, சருகு விழாத இடம் என்றால் மட்டும் யோசியுங்கள். எங்கள் கூழாங்கல் மொத்தத்தையும் அள்ளி, கூரைத் தண்ணீர் விழும் ஓரத்தில் கொட்டப் போகிறேன். பாறைகளைச் சுற்றித் தரையோடு படரும் செடி ஏதாவது வைக்கலாம் என்றிருக்கிறேன். வெயிலில் கல் கக்கும் சூட்டைத் தாங்குகிற செடியாக யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.