அலுவலக நாள்களைப் பற்றி ஊழியர்களிடம் எப்படிக் கேட்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலுமாக வேலை பார்க்கும் கலப்புப் பணிமுறை, கொரோனாக் காலத்தின் கட்டாயமாகத் தொடங்கி, இன்று சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. எத்தனை நாள் வருவது, எந்த நாள் வருவது, யாருக்கு விலக்கு தருவது என்பவற்றில் மட்டும் இழுபறி ஓயவில்லை. டிசிஎஸ் 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரி முதல் அதே வழிக்குத் திரும்பியது. இப்படி ஆணையிடாமல், ஊழியர்களைக் கேட்டு முடிவெடுக்க நினைக்கும் நிறுவனங்களும் உண்டு. சோழிங்கநல்லூரில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேட்பதற்கான நான்கு வழிகளையும் கையாண்டு பார்த்தவள் என்ற முறையில், எது எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்பதை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பும் நீண்ட கேள்வித்தாள். சம்பளம், பதவி உயர்வு, மேலாளரின் நடத்தை என்று அறுபது கேள்விகள் வரை நீளும் அதில், அலுவலக வருகைக்கு இரண்டோ மூன்றோ கேள்விகளே இடம்பெறும். ஆண்டுதோறும் ஒரே கேள்வியை ஒரே சொற்களில் கேட்பதால் போக்கு தெரியும் என்பது இதன் பலம். ஆனால் அதில் வழக்கமாக இடம்பெறும் “வாரம் எத்தனை நாள் அலுவலகம் வர விரும்புகிறீர்கள்?” என்ற கேள்வி பெரும்பாலும் பயனற்றது என்பதே என் உறுதியான கருத்து. ஒருமுறை எங்களுக்குக் கிடைத்த சராசரி 2.4 நாள். நிர்வாகம் அதை மூன்றாக்கி அறிவித்தது. இரண்டு நாள் கேட்டவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். ஐந்து நாளும் வர விரும்பிய சிலருக்கோ, மூன்று நாளும் பக்கத்து இருக்கைகள் காலியாகவே இருந்தன.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. ஐந்து வேலைநாள்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள் உண்டு. ஒருவர் செவ்வாயும் வியாழனும் வந்தால், இன்னொருவர் எஞ்சிய மூன்று நாள்களிலிருந்தே தம் இரண்டையும் எடுப்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஆகவே அவரவர் விருப்பம்போல் வரவிட்டால், இருவர் அந்த வாரம் முழுவதும் சந்திக்காமலே போகும் வாய்ப்பு நூற்றுக்கு 30. மூவர் என்றால், மூவரும் ஒரே நாளில் கூடும் வாய்ப்பு நூற்றுக்கு 31 மட்டுமே. எட்டுப் பேர் கொண்ட குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எத்தனை நாள் என்பதைவிட, யாரோடு, எந்த வேலைக்காக, எந்த நாளில் என்பதே கேட்க வேண்டியது. அறுபது கேள்விகளுக்கு நடுவே அதைக் கேட்க இடமில்லை.

இரண்டாவது வழி, மாதத்துக்கு ஒருமுறை நான்கைந்து கேள்விகளை மட்டும் அனுப்பும் குறுங்கணிப்பு. பல்ஸ் சர்வே என்றே அலுவலகத்தில் சொல்கிறார்கள். நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, மாற்றத்தை உடனுக்குடன் காட்டுவது இதன் சிறப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளைச் சூழ்ந்தபின் ஊழியர்களின் தேவை எப்படி மாறியது என்பதை, அந்த ஆண்டு அக்டோபரில் நிரப்பப்பட்ட நீண்ட கேள்வித்தாள் சொல்லியிருக்க முடியாது. சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ பணிகளுக்காகப் பழைய மகாபலிபுரம் சாலை குறுகியபோதும், பயணம் பற்றிய ஒரே ஒரு கேள்விக்கு வந்த பதில்கள்தான் எங்கள் கம்பெனிப் பேருந்துகளின் நேரத்தை மாற்ற வைத்தன.

இதற்கும் இரண்டு குறைகள் உண்டு. மாதாமாதம் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் பதில் அளிப்போர் எண்ணிக்கை மளமளவென்று சரியும். கேள்விகள் அதிகம் என்பதைவிட, சொல்லி என்ன பயன் என்ற சலிப்பே அதற்குக் காரணம். இன்னொன்று, பெயர் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். பெயரே பதிவாகாத கணிப்பும், பெயர் பதிவாகி மேலாளருக்கு மட்டும் மறைக்கப்படும் கணிப்பும் ஒன்றல்ல. அவரவர் மின்னஞ்சலுக்குத் தனி இணைப்பாக வரும் படிவங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியே காட்டாமல் விடுவது இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் உள்ள வழக்கம் என்றாலும், ஆறு பேர் குழுவில் ஒரே ஒரு பெண் இருந்து, எழுத்தில் விடை கேட்கும் கடைசிக் கேள்விக்கு அவர் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி எழுதினால், எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க மேலாளருக்கு ஒரு நிமிடம் போதும். இந்த வேறுபாட்டைப் படிவத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நிறுவனத்தின் கடமை. “உங்கள் பெயர் எங்களுக்கும் தெரியாது” என்று எழுதிவிட்டு, பதில் அளிக்காதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்பிய ஓர் இடத்தில் நான் முன்பு வேலை பார்த்திருக்கிறேன். அடுத்த கணிப்பில் அங்கே உண்மையை எழுதியவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவது வழி, சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவது. இது புதிதல்ல. அமெரிக்காவின் சிசரோ நகரில் இருந்த ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தினார்கள். முன்கூட்டியே எழுதிவைத்த கேள்விகளோடு தொடங்கியவர்கள், தொழிலாளர்கள் கேள்வியை விட்டு விலகித் தங்களுக்கு முக்கியமானதையே பேசுவதைக் கண்டு, கேள்வித்தாளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இது பொருந்துவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் எட்டுப் பேரோடு உட்கார்ந்திருந்தேன். சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் முக்கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. தேநீர் வந்தபின், அலுவலகம் வருவதில் தமக்குத் தயக்கமே இல்லை என்றும், கம்பெனிப் பேருந்து மாலை 6.15க்குக் கிளம்பிவிடுகிறது, அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் அழைப்போ 6.30க்குத் தொடங்குகிறது என்றும் சொன்னார். அழைப்பு முடிந்து, இருட்டியபின் இரண்டு ஷேர் ஆட்டோ மாறி மேடவாக்கம் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிடுமாம். குறுங்கணிப்பில் அவர் “பயணச் சிரமம்” என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார். நாங்களும் அதைச் சாலை நெரிசல் என்றே படித்திருந்தோம். அவர் அலுவலகம் வரும் நாள்களில் மட்டும் அந்த அழைப்பை 5.15க்கு மாற்றிக்கொள்ள வாடிக்கையாளர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். எந்தக் கேள்வித்தாளிலும் இப்படி ஒரு கேள்வியை நான் எழுதியிருக்கமாட்டேன்.

பேச்சின் குறை, உரக்கப் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகப் பதிவாகிவிடும் என்பது. மேலாளர் அறையில் இருந்தால் அந்தப் பேச்சினால் பயனே இல்லை. மேலும், எட்டுப் பேர் சொன்னது எண்ணூறு பேருக்கும் பொருந்துமா என்பது பேச்சிலிருந்து மட்டும் தெரியாது. எண்ணிப் பார்க்க மறுபடியும் கேள்வித்தாளிடம்தான் வர வேண்டும்.

நான்காவது வழியில் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அடையாள அட்டையைத் தேய்த்து நுழையும் பதிவு, இருக்கை முன்பதிவு, உணவகத்தில் வாங்கிய சாப்பாட்டு எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே முடிவெடுப்பது. மற்ற மூன்றும் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் காட்டும். இது என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டும். புதன்கிழமை எத்தனை இருக்கை வேண்டும், வெள்ளிக்கிழமை எந்தத் தளத்தின் குளிர்சாதனத்தை நிறுத்தலாம் என்பவற்றுக்கு இதைவிடத் துல்லியமான விடை வேறெதிலும் கிடைக்காது. ஏன் வரவில்லை என்பதை மட்டும் அது ஒருபோதும் சொல்லாது. ஒருவர் வந்தார் என்று பதிவு காட்டும். வந்தவர் காலை முதல் மாலை வரை காதில் ஹெட்செட்டோடு புனேயில் இருக்கும் குழுவினரிடமே பேசிக்கொண்டிருந்தார் என்பதைக் காட்டாது.

இந்தப் பதிவைத் தனிநபர் மதிப்பீட்டோடு இணைத்த கணமே அது கெட்டுவிடுகிறது. அட்டையைத் தேய்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு, பதினோரு மணிக்கு வீடு திரும்புபவர்களை உருவாக்குவது அந்த இணைப்புதான். 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த சில தேவைகளுக்கு ஊழியரின் ஒப்புதல் பெறாமலே தரவைப் பயன்படுத்த இடம் தருகிறது. சட்டம் இடம் தருவதாலேயே அதைச் செய்துவிடலாம் என்று நான் கருதவில்லை. குழுவளவில் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

நான்கையும் சேர்த்தாலும் ஒன்று மட்டும் அகப்படாது. இன்னும் வாழ்ந்து பாராத முறையைப் பற்றிக் கேட்டால், மக்கள் தங்கள் அச்சத்தையோ ஆசையையோதான் பதிலாகத் தருவார்கள். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரைக் கொண்டு 2021–22இல் ஆறு மாதம் நடந்த சோதனை இதற்கு நல்ல சான்று. பிறந்த தேதி ஒற்றைப்படை எண்ணாக இருந்தவர்கள் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். மற்றவர்கள் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். கலப்பு முறையில் உற்பத்தித்திறன் 2.6 விழுக்காடு குறையும் என்று முன்பே கணித்த மேலாளர்கள், சோதனை முடிந்தபின் ஒரு விழுக்காடு கூடும் என்று மாற்றிச் சொன்னார்கள். வேலையை விட்டுச் செல்வோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பணி மதிப்பீடுகளிலும் பதவி உயர்விலும் வேறுபாடு தென்படவில்லை. முதல் நாள் நடந்த கணிப்பை மட்டும் நம்பியிருந்தால் அந்த நிறுவனம் கலப்பு முறையைக் கைவிட்டிருக்கவும் கூடும். யாரைக் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும்: மைக்ரோசாஃப்ட் 2022இல் 11 நாடுகளில் நடத்திய கணிப்பில் 87 விழுக்காடு ஊழியர்கள் தாங்கள் நன்றாக உழைப்பதாகச் சொல்ல, 85 விழுக்காடு தலைவர்கள் கலப்பு முறையால் அதை நம்புவது கடினமாகிவிட்டது என்றார்கள்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவதைவிட, வரிசையைச் சரியாக அமைப்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் வருகைப் பதிவைக் குழுவளவில் பார்த்து, எங்கே ஏதோ இடறுகிறது என்று அறிய வேண்டும். பிறகு அந்தக் குழுக்களோடு, அவர்களின் மேலாளர் இல்லாமல், பேச வேண்டும். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த நான்கு கேள்விகளை மட்டும் எல்லோருக்கும் குறுங்கணிப்பாக அனுப்ப வேண்டும். யாரோடு நேரில் இருந்தால் உங்கள் வேலை எளிதாகிறது? சென்ற மாதம் அலுவலகம் வந்த நாள்களில் எது வீணாயிற்று? எந்த நாள் உங்களுக்கு அறவே இயலாது? நாங்கள் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்ற வேண்டும்? முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் செய்யப்போவதையும் செய்ய இயலாததையும், காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு அதே நான்கையும் மறுபடி கேட்கலாம். நீண்ட ஆண்டுக் கணிப்பில் இது பற்றி ஒரு கேள்வி இருந்தால் போதும்.

ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு இவ்வளவும் வேண்டாம். அங்கே எந்தப் படிவத்திலும் கையெழுத்து தெரிந்துவிடும் என்பதால் கேள்வித்தாளே தேவையில்லை. ஊழியர்களின் ஊதிய உயர்வில் கைவைக்க அதிகாரம் இல்லாத ஒருவர், ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசி, பெயர் சேர்க்காமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது.