பார்த்து எழுதுவதா, சொல்லச் சொல்ல எழுதுவதா, சொந்தமாக எழுதுவதா?

"அணில் மரத்தில் ஏறியது" என்று முதல் வரியில் எழுதிக் கொடுத்து, கீழே பத்து முறை எழுதச் சொன்னேன். நான்காம் வகுப்புப் பையன். அவன் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். அவன் வாக்கியத்தை எழுதவே இல்லை. 'அணில், அணில், அணில்' என்று மேலிருந்து கீழாகப் பத்து வரிக்கும் இறக்கினான். அப்புறம் மேலே போய் 'மரத்தில்' ஒரு பத்து. கடைசியாக 'ஏறியது'. ஐந்தாவது வரியில் அது 'ஏரியது' ஆனது. அதற்குக் கீழே இருந்த ஐந்து வரியிலும் 'ஏரியது'தான். நான் எழுதிக் கொடுத்ததை அவன் பார்க்கவில்லை. தான் கடைசியாக எழுதியதைப் பார்த்தே அடுத்ததை எழுதினான்.

2021 அக்டோபரில், பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு ஊரிலேயே சொல்லிக் கொடுக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது கணக்கு. என்னிடம் 18 பேர் வந்தார்கள், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் பாதிப் பேருக்கு எழுத்தே மறந்துபோயிருந்தது. எழுத வைக்க மூன்று வழியையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். போன வாரம், புதிதாக டியூஷன் ஆரம்பிக்கும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "எதுக்கா கொடுக்கறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பார்த்து எழுதுவதால் கிடைக்கும் நன்மை எல்லோருக்கும் தெரியும். எழுத்து வடிவம் கைக்கு வரும், வரி நேராகும், ரெட்டைக் கோடு நோட்டு பார்க்க லட்சணமாக இருக்கும். பெற்றோருக்கும் அதுதான் பிடிக்கும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இது இல்லாமல் முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வேலையைப் பள்ளியிலேயே செய்கிறார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி நூலிலேயே எழுத வைக்கிறார்கள். சாயந்திரம் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் அதற்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சொல்வதை எழுதுவது, அதாவது டிக்டேஷன், காதை நம்பிய வேலை. எங்கள் பக்கத்தில் அந்தக் காதே சிக்கல். பிள்ளைகள் வீட்டில் பேசுவது 'வாயப்பயம்'. நான் நாக்கை மடித்து 'வாழைப்பழம்' என்று இழுத்துச் சொன்னால், என் வாயைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுவார்கள். மறுநாள் தானாக எழுதும்போது பழையபடி 'ய' வந்துவிடும். ர, ற இரண்டுக்கும் எங்கள் பேச்சில் வித்தியாசமே கிடையாது. 'அரை' என்றாலும் 'அறை' என்றாலும் ஒரே சத்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் "சின்ன ரவா, பெரிய றவாக்கா?" என்று கேட்பார்கள், நானும் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்ட பிறகு அது என்ன சோதனை? நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் திருத்தும்போது மட்டும் நல்ல கலகலப்பு.

மூன்றாவது, சொந்தமாக எழுதுவது. தினம் மூன்று வாக்கியம், நேற்று நடந்தது எதுவாக இருந்தாலும் சரி. நான் இதன் பக்கம்தான். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் இதை நானே கெடுத்துவிட்டேன். 18 நோட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போய், சிவப்புப் பேனாவால் ஒரு தப்பு விடாமல் திருத்தினேன். தினமும் ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. நேரம் போனதைவிடப் பெரிய நஷ்டம் நோட்டில் தெரிந்தது. பிள்ளைகள் தப்பு வராத சொற்களாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். 'நாங்கள் விளையாடினோம். ஜாலியாக இருந்தது. தூங்கினேன்.' அடுத்த நாளும் அதே மூன்று.

இந்த மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, கடைசியில், யார் திருத்துவது, எப்படித் திருத்துவது, எத்தனை நாள் விடாமல் திருத்த முடியும் என்பதில்தான் வந்து நிற்கிறது. காப்பி நோட்டுக்கு ஒரு டிக், ஒரு கையெழுத்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். டிக்டேஷனைப் பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள். சொந்த எழுத்தை ஒரு ஆள் உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும். அதனால்தான் பலர் ஆசையாகத் தொடங்கி ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டிருப்பேன்.

அதனால் முறையை மாற்றினேன். ஒரு நாளைக்கு ஆறு நோட்டு, மூன்று நாளில் ஒரு சுற்று. சிவப்புப் பேனா கிடையாது, பென்சில். ஒரு நோட்டுக்கு ஒரே ஒரு தப்பு, அதுவும் அந்தப் பிள்ளை அடிக்கடி செய்யும் தப்பு. கீழே ஒரே ஒரு கேள்வி. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வகுப்பிலேயே, அவர்கள் எதிரில் உட்கார்ந்தே செய்யலாம்.

அந்தக் கேள்வி என்ன செய்தது என்பதற்கு ஒரு நோட்டைக் காட்டுகிறேன். அந்த அணில் பையனுடையதுதான்: 'நேத்து ஆயா கூட கொல்லிக்கு போனேன். கத்திரிக்கா பறிக்க சொல்ல முள்ளு குத்திகிச்சு. காம்புல தான் முள்ளு கீது.' (எங்கள் பக்கம் கொல்லி என்றால் நிலம், 'பறிக்க சொல்ல' என்றால் பறிக்கும்போது.) எங்கள் பக்கத்து முள் கத்தரிக்காயைத் தொட்டவர்களுக்குத் தெரியும், மூன்றாவது வாக்கியம் எவ்வளவு சரியானது என்று. இலவம்பாடி என்று சந்தையில் பேர் சொல்லி விற்கிற காய். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதற்குத்தான். நான் கீழே, 'முள் குத்தினால் ஆயா என்ன செய்வாங்க?' என்று மட்டும் எழுதினேன். அடுத்த முறை அவன் எழுதியது ஐந்து வரி. அதில் ஒன்று: 'ஆயா வெரல வாய்ல வெச்சிக்கும். அப்பறம் மறுபடியும் பறிக்கும்.' பத்து முறை எழுதிய அணில் வாக்கியத்துக்கு ஐந்து வரியைத் தாண்டக் கவனம் இல்லாத பையன் இவன்.

'கீது' என்று எழுதுவதைத் திருத்தாமல் விடலாமா என்று கேட்பார்கள். முதலில் கேட்டது அவனுடைய ஆயாவேதான். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இன்னாம்மா, புள்ள நாங்க பேசறாப்லயே எழுதிகினு கீறான், நீயும் உட்டுட்டியே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பரீட்சையில் 'கீது' எழுதினால் மார்க் போய்விடும். நான் முதல் மாதம் விட்டுவிடுவேன். இரண்டாம் மாதத்திலிருந்து அந்த ஒரு திருத்தத்துக்கு இதை எடுத்துக்கொண்டு, "புத்தகத்துல இது எப்படி வரும்?" என்று கேட்பேன். 'இருக்கிறது' என்று உடனே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு இரண்டும் தெரியும். எதை எங்கே எழுதுவது என்பதுதான் பழக வேண்டும். முதல் நாளே 'கீது'வை அடித்திருந்தால் கொல்லியும் வந்திருக்காது, முள்ளும் வந்திருக்காது.

மற்ற இரண்டையும் நான் அடியோடு விட்டுவிடவில்லை. வியாழக்கிழமை டிக்டேஷன் உண்டு. சொற்களை அவர்கள் நோட்டிலிருந்தே எடுப்பேன். தான் எழுதிய சொல் வரும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காரும். சனிக்கிழமை, திருத்திய தன் வாக்கியம் ஒன்றைப் பார்த்து எழுத வேண்டும், இரண்டே முறை. இரண்டு முறை என்றால் யாரும் மேலிருந்து கீழே இறக்குவதில்லை.

கையெழுத்து அழகில் காப்பி நோட்டுப் பிள்ளைகளே இன்னமும் ஒரு படி மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் என்னிடம் இரண்டே பேர். அதில் ஒருத்திக்குச் சொந்த எழுத்து நன்றாகவே வந்தது. இன்னொருவன் தமிழில் சொல் கிடைக்காமல் திணறினான், அவனுக்குப் படம் வரைந்து பெயர் எழுத வைத்தேன். பேர்ணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் வகுப்பே அப்படி இருந்தால் எதில் தொடங்குவது என்று இரண்டு பேரை வைத்து நான் சொல்ல முடியாது.

எங்கள் தெருப் பெண்ணிடம் 26 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு நோட்டுக்கு மேல் எடுக்காதே, சுற்று ஐந்து நாள் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லி, என்னிடம் மீதி இருந்த நான்கு எண்பது பக்க நோட்டையும் கொடுத்தனுப்பினேன்.