கீழக்கரையில் வீடு தேடி வரும் செவிலியர் சேவை: எங்கள் அனுபவம்

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்களின் வீட்டுக்கு மாதந்தோறும் செவிலியரை அனுப்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளை அவர்கள் முறையாக உட்கொள்ள உதவும் சேவை ஒன்றைக் கீழக்கரையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை நடத்தி வருகிறது. என் உம்மாவுக்காக அதில் சேர்ந்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் அரசு மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன; வந்தவை வேளை தவறாமல் உள்ளே போகின்றனவா என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

முதல் வருகையில் சிஸ்டர், உம்மா மாத்திரை வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை வாங்கி, எல்லா அட்டைகளையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரசு கொடுத்த அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையும், வெளிக்கடையில் வேறு பெயரில் வாங்கிய அதே அம்லோடிபினும் இருந்தன. இரண்டையும் சில காலம் சேர்த்து விழுங்கியதில் கணுக்கால் வீங்கவே, உம்மா யாரிடமும் சொல்லாமல் இரண்டையுமே நிறுத்திவிட்டிருந்தார். எங்களிடமும் மருத்துவரிடமும் மறைத்த இதை அவர் சிஸ்டரிடம் சொன்னதற்குக் காரணம், “ஏன் நிறுத்துனீங்க?” என்று அதட்டாமல், “இதைப் போட்டா உடம்புக்கு என்ன பண்ணுதும்மா?” என்று அவர் கேட்டதுதான் என்று நினைக்கிறேன். உம்மாவைச் சற்று நேரம் அமைதியாக உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். அங்கிருந்தே மருத்துவரை அழைத்துப் பேசி, ஒரே அட்டையை வைத்துக்கொள்ளச் செய்தார். காலையில் வரும் தலைசுற்றலுக்கும் காரணம் தெரிந்தது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, வீட்டு வேலை முடியும்வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும்.

இந்தச் சேவையின் உண்மையான அருமை ரமலான் நெருங்கியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. நோன்பு வைக்க வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால், உம்மா தலையாட்டிவிட்டு நோன்பும் வைத்திருப்பார், மாத்திரையையும் தன் விருப்பப்படி மாற்றியிருப்பார். சிஸ்டர் முன்கூட்டியே வந்து, உம்மாவால் நோன்பு நோற்க முடியுமா என்பதை மருத்துவரிடம் முடிவு செய்யவைத்து, அவர் மாற்றிக் கொடுத்த அளவுகளை ஸஹர் (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரம்), நோன்பு திறக்கும் நேரம் என்று எங்கள் வீட்டு வழக்கப்படியே எழுதிக் கொடுத்தார். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும், சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் வீட்டில் உள்ள எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். நீரிழிவு உள்ள நோன்பாளிகள் நிறைந்த இந்தக் கடற்கரை ஊர்களில், இந்த ஒரு வேலைக்காகவே இப்படியொரு செவிலியர் வேண்டும்.

குறைகளும் உண்டு. மாலைக்குப் பிறகு அழைத்தால் எடுப்பதற்கு ஆள் இல்லை. இடையில் வேறொரு செவிலியர் வந்தபோது, கால் வீக்கம், தலைசுற்றல் உட்பட எல்லாவற்றையும் முதலிலிருந்து நாங்களே சொல்ல வேண்டியிருந்தது. முன்னவர் எழுதிய குறிப்புகள் அவர் கையில் இல்லை. அந்த முறை உம்மா பாதிதான் பேசினார். பழகிய முகத்திடம் மட்டுமே மனம் திறக்கும் முதியவர்களுக்கு இது சிறிய குறையன்று.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நான்கைந்து வகை மாத்திரைகளுடன் தனியே சமாளிக்கும் பெற்றோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சேரும்போதே, ஒரே செவிலியர் தொடர்ந்து வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எழுதும் குறிப்பின் நகல் ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.