வரி மேல்முறையீடு: நிறுத்தி வைப்பதா, நடத்திப் பார்ப்பதா?

மலேசியாவில், செந்தூலில் மைத்துனரும் நானும் நடத்தும் சின்ன நிலக் கம்பெனி. விற்பதற்கென்று வாங்கிப் போட்டிருந்த ஒரு துண்டு நிலத்தைச் சாலைக்காக அரசு எடுத்துக்கொண்டது. கிடைத்த இழப்பீட்டை வருமான வரிச் சட்டம் 4சி பிரிவின்படி வியாபார வருமானமாகக் கணக்கிட்டு நோட்டீஸ் வந்தது. அந்தப் பிரிவே செல்லுமா என்ற கேள்வியோடு விராமுடா என்ற கம்பெனி அப்போது கூட்டரசு நீதிமன்றம் வரை போயிருந்தது. அது முடியும்வரை எங்கள் முறையீட்டை ஒத்திவைக்கக் கேட்பதா, வரி முறையீடுகளை முதலில் விசாரிக்கும் சிறப்பு ஆணையர்கள் முன் உடனே நடத்துவதா? ஒத்திவைத்தோம். இன்று யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

உடனே நடத்துவதில் ஒரு லாபம் உண்டு: சாட்சிகளுக்கு எல்லாம் நினைவில் இருக்கும், கோப்பும் கைவசம் இருக்கும். ஆனால் நாடாளுமன்றம் போட்ட பிரிவைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் ஆணையர்களுக்கு இல்லை. அங்கே தோற்று, 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, ஏற்கெனவே ஒருவர் நடந்துகொண்டிருக்கும் பாதையிலேயே பின்னால் நடக்க வேண்டும். லாயர் செலவு மட்டும் நம்முடையது.

சரி, ஒத்திவைத்தால் போதுமா? மைத்துனர் அப்படித்தான் நினைத்திருந்தார். முறையீடு நின்றால் வரியும் நிற்கும் என்று. நிற்காது. நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கட்ட வேண்டும். முறையீடு நடந்தாலும் ஒன்றுதான், தூங்கினாலும் ஒன்றுதான். தவறினால் 10 சதவீதம் ஏறும்: 200,000 வெள்ளிக்கு 20,000. அப்புறம் சிவில் வழக்கு வரலாம். அதில் போய் "தொகை தப்பு, முறையீட்டில் இருக்கிறது" என்றால் நீதிமன்றம் காதில் வாங்காது, சட்டமே அப்படி. கம்பெனியின் கடன்தானே என்று இருக்கவும் முடியாது. 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் இயக்குநரிடமும் வசூலிக்கலாம், நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்கவும் செய்யலாம். மைத்துனர் திருச்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அதைக் கேட்டபோதுதான் முகம் மாறியது. ஒத்திவைப்புக்கு எழுதிய அன்றே தவணைக்கும் எழுதினோம். மாதாமாதம் கட்டுவது வலித்தது. ஆனால் காத்திருக்க முடிந்ததே அதனால்தான்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: ஒன்றும் செய்யாமல் அடுத்தவர் வழக்கு முடியட்டும் என்று இருப்பது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் இருந்தார். முறையீட்டுக்கான கியூ பாரத்தை 30 நாளில் போடாவிட்டால் வரி முடிந்த முடிவாகிவிடும். தாமதத்துக்கு அனுமதி கேட்கலாம், ஆனால் "வேறொருவர் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்" என்பதை எந்த முகத்தோடு காரணமாக எழுதுவது? நிறுத்தி வைப்பதென்றால் முதலில் முறையீடு என்று ஒன்று இருக்க வேண்டும்.

2022இல் கூட்டரசு நீதிமன்றம் 4சி பிரிவு அரசியலமைப்பில் சொத்துரிமையைக் காக்கும் 13ஆவது விதிக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. எங்கள் கோப்பில் மிச்சம் இருந்தது கடித வேலைதான்.

ஒன்று மட்டும். எங்களுடையது முழுக்கச் சட்டக் கேள்வி. நிலம் விற்பனைச் சரக்கா, முதலீடா என்பது போல ஆவணமும் சாட்சியும் பேச வேண்டிய சண்டையென்றால் இந்த அனுபவம் அப்படியே பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்தான். எங்கள் நில மதிப்பீட்டாளர் வயதானவர். எதற்கும் இருக்கட்டும் என்று, காத்திருப்பு தொடங்கிய வாரமே அவரிடம் எழுத்து வாக்குமூலம் வாங்கி வைத்துவிட்டோம்.