கலைப்பள்ளி முன்னாள் மாணவர் நன்கொடைக்கு ரேசர்பே பேமென்ட் பேஜ்: ஒரு மதிப்பீடு

இசைப்பள்ளியோ நாட்டியப்பள்ளியோ நடத்தும் அறக்கட்டளையில் நிதி திரட்டும் பொறுப்புக்கு வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பணத்தை எந்த வழியாக வாங்குவது என்பதைத்தான். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் க்யூஆர் படத்தைப் போட்டால் பணம் வந்துவிடும். ஆனால் வங்கிக் கணக்கில் தெரிவது ஒரு யுபிஐ முகவரியும் தொகையும் மட்டுமே. கொடுத்தவர் யார், யாரிடம் படித்தவர், ரசீது எங்கே அனுப்புவது, எதுவும் தெரியாது. இணையவழிப் பணம் வாங்கித்தரும் ரேசர்பே நிறுவனத்தின் பேமென்ட் பேஜ், அதாவது கொடுப்பவரின் விவரங்களோடு பணம் வாங்கும் இணையப் பக்கம், இந்தக் குறையைத் தீர்க்கிறது. இணையதளமே இல்லாத பள்ளியும் ஒரு மதியத்தில் பக்கத்தை அமைத்து, அதன் இணைப்பையே க்யூஆராக அச்சடித்து ஆண்டு விழா வாசலில் ஒட்டலாம்.

பக்கத்தில் எந்தெந்தக் கட்டங்களை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் பின்னால் திண்டாட்டம். பள்ளிப் பதிவேட்டில் ‘எஸ். காயத்ரி’ என்று இருப்பவரின் பான் அட்டையில் இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். இல்லையென்றால் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். ‘பான் அட்டையில் உள்ள பெயர்’, ‘படித்தபோது இருந்த பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் கட்டாயம் வேண்டும். முதலாவது வரிக்கணக்குக்கு, இரண்டாவது உறவுக்கு.

அடுத்தது, கல்லூரி போல ‘எந்த பேட்ச்’ என்று கேட்காதீர்கள். எட்டு வயதில் சேர்ந்து, நடுவில் நிறுத்தி, பிறகு திரும்பி வந்தவருக்கு பேட்ச் ஏது? குருவின் பெயரை டிராப்டவுனில் கொடுங்கள், சேர்ந்த ஆண்டைத் தனியாகக் கேளுங்கள். பழைய மாணவர் மனத்தில் அறக்கட்டளைக்குக் கொடுப்பதில்லை, தன் வாத்தியாருக்குக் கொடுக்கிறார். அந்த ஒரு கட்டம் நிரம்பியிருந்தால், நன்றி சொல்லிப் பேச வேண்டியவர் யார் என்பது அலுவலகத்துக்கு உடனே தெரிந்துவிடும். நோக்கத்துக்கு மூன்று தெரிவுகளே போதும்: மாணவர் உதவித்தொகை, பக்கவாத்தியக் கலைஞர் ஊதியம், பொது நிதி. தெரிவுகள் கூடக் கூட, செலவழிக்க முடியாமல் முடங்கும் சில்லறை நிதிகளும் கூடும்.

ரேசர்பே பிடிக்கும் வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 1,000 ரூபாய்க்கு 23.60 போக 976.40 கணக்குக்கு வரும். ரசீது 1,000 ரூபாய்க்குத்தான் போட வேண்டும். பிடித்தத்தைச் செலவில் எழுத வேண்டும். பலருடைய பணம் ஒரே தொகையாக வந்து சேர்வதால், வங்கியில் விழுந்த தொகையை அப்படியே நன்கொடை என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. யாருடைய பணம் எந்தத் தொகையில் சேர்ந்தது என்று காட்டும் செட்டில்மென்ட் அறிக்கையை வாரம் ஒருமுறை இறக்கி, ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தால் மார்ச் மாதம் நிம்மதியாகப் போகும்.

80ஜி (நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு) ரசீதைப் பக்கமே தானாக அனுப்பும் வசதி உண்டு. அதோடு வேலை முடிந்ததாக நினைத்தால் மாட்டிக்கொள்வோம். 2021-22 நிதியாண்டு முதல், நன்கொடை தந்தவர்களின் பட்டியலைப் படிவம் 10பிடி-யில் மே 31-க்குள் வருமான வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்குப் பிறகு கிடைக்கும் 10பிஇ சான்றிதழை வைத்துத்தான் நன்கொடையாளர் வரிக் கழிவு கேட்க முடியும். தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். எனவே பான், முகவரி இரண்டையும் பக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். அம்மாவின் நன்கொடையை மகன் தன் போனில் இருந்து கட்டுவது சாதாரணம். அப்போது யாருடைய பான் என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே கிடையாது என்பதால், ‘வரிச்சலுகை உண்டு’ என்பதைத் தலைப்பாகப் போட வேண்டாம்.

பெரிய ஆபத்து வெளிநாட்டுப் பணத்தில். டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பழைய மாணவி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கியவர் என்றால், சென்னைக் கணக்கில் இருந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத பள்ளி அதை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். பேமென்ட் பேஜ் குடியுரிமையைத் தானாகக் கண்டுபிடிக்காது. ‘நான் இந்தியக் குடியுரிமை உள்ளவர்’ என்பதற்கு ஆம்/இல்லை கட்டம் வையுங்கள். ‘இல்லை’ என்று வந்தால் அன்றே கவனியுங்கள். வெளிநாட்டு முகவரி என்றால் பாஸ்போர்ட் நகலும் வாங்கி வையுங்கள்.

மாதச் சந்தாவுக்கு சப்ஸ்கிரிப்ஷன் என்ற தனிப்பகுதி இருக்கிறது. மாதம் 500 ரூபாய் போன்ற சிறு தொகைக்கு அது நன்றாக வேலை செய்கிறது. மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபேயில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் போடத் தேவையில்லை. ஆனால் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போய்விடும். காரணம் தெரியாத அறிவிப்பைப் பார்ப்பவர் ரத்து செய்துவிடுவார். அறிவிப்புக்கு முந்தைய வாரமே அந்த உதவித்தொகையில் படிக்கும் குழந்தைகள் என்ன கற்றார்கள் என்று நாலு வரி அனுப்புங்கள். பணம் பிடிக்கும் தேதியை 5 அல்லது 7 என்று வையுங்கள். மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் தவறிப்போகும்.

ஆண்டு விழா டிக்கெட்டுக்கு வேறு பக்கம் போடுங்கள், அது நன்கொடை ஆகாது. வீணையோ மிருதங்கமோ பொருளாகக் கொடுப்பவருக்கு 80ஜி கழிவு கிடையாது. அவர்களுக்கு நன்றிக் கடிதம் மட்டும்.