திணிவு மாறும்போது உந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளோடு இந்தக் கணக்குகளைப் பேசினால் இரண்டு வழிகள் வரும். விசை என்பது உந்தம் (திணிவு × வேகம்) மாறும் வீதம்; ஆகவே திணிவையும் வேகத்தையும் ஒரு பெருக்கமாக எடுத்து வகையிடுவது ஒன்று. மற்றது, ஒரு சிறு நேர இடைவெளிக்கு முன்னும் பின்னும் முழுத் தொகுதியின் உந்தத்தை எழுதி, வித்தியாசத்தைக் கணத்தாக்குக்கு (விசை × நேரம்) சமப்படுத்துவது. நான் இரண்டாவதன் பக்கம்தான்.

முதல் வழி சில இடங்களில் சரியான விடையே தரும். அதனால்தான் அதை நம்பிவிடுகிறார்கள். சீனக்குடாவில் 2 மீ/செ மாறா வேகத்தில் ஓடும் பட்டி ஒன்றில் செக்கனுக்கு 20 கிலோகிராம் கோதுமை நேர்கீழாக விழுகிறது என்று வைப்போம். பட்டியை ஓட்ட மேலதிகமாக 40 நியூற்றன் தேவை. இரு வழியிலும் இதே விடை. விழும் தானியத்துக்குக் கிடைத்திசையில் வேகம் இல்லாததால் மட்டுமே இந்தப் பொருத்தம். (செக்கனுக்கு 80 யூல் செலவாகியும் தானியத்தின் இயக்கசக்தி 40 யூல்தான் கூடுகிறது. மீதி வழுக்கலில் வெப்பமாகிறது.)

இனி மூதூர் வீதியில் ஒரு தண்ணீர் பவுசர். மொத்தம் 5000 கிலோகிராம், வேகம் 10 மீ/செ, எஞ்சின் இழுக்கவில்லை, உராய்வும் இல்லை. அடியில் ஓட்டை. திணிவு பாதியாகும்போது வேகம் என்ன? விசை இல்லை, ஆகவே திணிவு × வேகம் மாறாது என்று எடுத்து, முதல் வழி 20 மீ/செ என்கிறது! தள்ள யாருமில்லாமல் பவுசர் எப்படி வேகமெடுக்கும்? பக்கத்தில் அதே 10 மீ/செ வேகத்தில் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பவுசர் ஓய்வில் இருக்கிறது; அங்கே அதே வழி, வேகம் மாறாது என்கிறது. ஒரே பவுசருக்கு இரண்டு ஆர்முடுகல் இருக்க முடியாது. ஒழுகிய நீர் தன் உந்தத்தைத் தன்னோடு கொண்டுபோனதை அந்த வழி கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது வழியில் ஒழுகிய நீரும் ‘பின்’ பக்கத்தில் நிற்பதால் அதைத் தவறவிட இடமில்லை. வேகம் 10 மீ/செ ஆகவே இருக்கும்.

ரஷ்ய இயக்கவியல் அறிஞர் மெஷ்செர்ஸ்கி 1897இல் தந்த சமன்பாடு மூன்றாவது தெரிவு: புறவிசையோடு, சார்வேகத்தையும் (சேரும் அல்லது வெளியேறும் திணிவுக்குப் பொருள் சார்பாக உள்ள வேகம்) திணிவு மாறும் வீதத்தையும் பெருக்கிக் கூட்டினால் திணிவு பெருக்கல் ஆர்முடுகல். ரொக்கெட்டுக்கு இதுதான் விரைவு. 3000 மீ/செ சார்வேகத்தில் வாயுவைக் கக்கித் திணிவைப் பாதியாக்கினால், புறவிசை இல்லாதபோது, வேகம் ஏறத்தாழ 2080 மீ/செ கூடும். ஆனால் குறி பிழைத்தால் ரொக்கெட் பின்னோக்கிப் போய்விடும். முன், பின் என்று இரண்டு படம் கீறி இச்சமன்பாட்டை ஒருமுறை தாங்களே பெற்ற பிறகு பிள்ளைகள் அதைப் பயன்படுத்தட்டும்.