பதினொரு வயது டெஸ்க்டாப்: எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை

2014 ஜூலையில் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களாக வாங்கி, அங்கேயே அசெம்பிள் செய்து, கும்பகோணம் வரை பஸ்ஸில் காலடியில் வைத்துக் கொண்டுவந்த கணினியில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். இன்டெல் கோர் ஐ3-4130 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். இந்தக் கணினியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்லி மூன்று முறை எனக்கு ஆலோசனை வந்தது. மூன்று முறையும் வாங்கவில்லை. அதற்கான காரணம் ஒவ்வொரு முறையும் வேறு.

முதல் முறை, விண்டோஸ் 10க்கு மாறியபோது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவதாக இருந்ததால் சில வாரங்கள் முன்னதாகவே மாறிவிட்டேன். அன்று முதல் கணினி நகர மறுத்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து முடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பிராசசருக்கு வயதாகிவிட்டது என்றார் பழக்கமான கடைக்காரர். வீட்டுக்கு வந்து, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு சுமை என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசர் பயன்பாடு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது, பத்து நிமிடம் கழித்தும் இறங்கவில்லை. ரேமும் நிரம்பி வழிந்தது. இடம் போதாத ரேம் தன் சுமையை ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைக்கும். ஹார்டு டிஸ்க்கோ ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிராசசர் வேலையில்லாமல் காத்திருந்தது.

சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி (240 ஜிபி) ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ரேமும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. சுழலும் தட்டில் ஊசி தேடிப்போய்ப் படிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு துணுக்குத் தகவலை எடுக்கவே பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் அது ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசத்தை அன்று மாலையே கண்ணால் பார்த்தேன். நான்கு நிமிடம் எடுத்துக்கொண்ட தொடக்கம் அரை நிமிடத்துக்கும் குறைந்தது. 600 பக்க நாவலின் கோப்பு கேட்டவுடன் திறந்தது. இந்தப் பதினொரு ஆண்டில் இந்தக் கணினிக்காக நான் செய்த செலவுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். பழைய 500 ஜிபி டிஸ்க்கை வெறும் சேமிப்புக் கிடங்காக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை நடந்தது 2022 மே மாதம். வெளியே அனல், உள்ளே மின்வெட்டு. மின்சாரம் வந்ததும் சுவிட்சை அழுத்தினால் கணினியில் உயிரே இல்லை. இதுபோன்ற நேரத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்து, திரும்பப் பொருத்தினேன். பீப் ஒலிகூட வரவில்லை. கடையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து, மதர்போர்டு போய்விட்டது, பெயர் தெரியாத நிறுவனத்தின் எச்81 போர்டு ஒன்று 3,200 ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் அதற்குப் பதில் புதிய கணினியே நல்லது என்றார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பி எடுத்து வந்து கேபினட்டைத் திறந்தேன். பிராசசர் மேலிருந்த விசிறியின் கீழே, அலுமினியத் தகடுகளுக்கிடையே, தலையணைப் பஞ்சு போலத் தூசி அடைத்துக்கொண்டிருந்தது. மதர்போர்டில் பழுதுக்கு அடையாளமாக ஒரு கெப்பாசிட்டர்கூட உப்பியிருக்கவில்லை. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முனை இணைப்பை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அதில் இருக்கும் ஒரே பச்சைக் கம்பியின் முனையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் முனையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரத்தைப் போட்டேன். எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால் அதன் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. போனது மதர்போர்டு இல்லை, எஸ்எம்பிஎஸ்! (விசிறி சுழன்றால் எஸ்எம்பிஎஸ் முழு நலம் என்று பொருளாகாது. அசையவே இல்லையென்றால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழ வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.)

நல்ல நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். தூசியைத் தட்டி, பிராசசரின் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன். நாள் தவறிக் காட்டிக்கொண்டிருந்ததால், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினேன். கணினியின் தேதி பின்னால் போய்விட்டால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று வங்கித் தளம்கூடத் திறக்க மறுக்கும். நாற்பது ரூபாய் பேட்டரி சரி செய்கிற அந்தக் கோளாறுக்காகக் கணினியையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அன்று எனக்குள் ஒரு கணக்கு உருவானது, இன்றுவரை அதைத்தான் பின்பற்றுகிறேன். வாங்கப்போகும் பாகம் அடுத்த கணினிக்கும் கூட வருமா? எஸ்எஸ்டி வரும். எஸ்எம்பிஎஸ் வரும். கேபினட், மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் எல்லாமே வரும். டிடிஆர்3 ரேம் வராது. டிடிஆர்4, டிடிஆர்5 போர்டுகளில் அது நுழையவே நுழையாது. பழைய போர்டும் அதற்கேற்ற பிராசசரும் வரவே வராது. கூட வராத பாகத்துக்குச் சிறு தொகைக்கு மேல் செலவிடுவதில்லை. பயன்படுத்திய ஐ5-4570 பிராசசரை அதே போர்டில் மாட்டலாமே என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டினார். நான்கு கோர் கிடைக்கும், உண்மைதான். என் வேலையில் அந்த வேகத்துக்கு இடமே இல்லை.

மூன்றாவது முறை வந்தது முந்தைய இரண்டு முறை போல் எளிதில் தீரும் பிரச்சினை அல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என்னுடையது 4ஆம் தலைமுறை. அந்தத் தடையைச் சுற்றிக் கடக்கும் குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படி நிறுவினால் தொடர்ந்து அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் அந்த அபாயத்தை ஏற்க நான் தயாராக இல்லை.

விண்டோஸை விட்டு, லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினேன். 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு. முதல் வாரம் கடினமாகத்தான் இருந்தது. பழைய எச்பி லேசர்ஜெட் 1020 அச்சுப்பொறிக்குத் தனியாக ஒரு ப்ளகின் (துணை மென்பொருள்) இறக்க வேண்டியிருந்தது. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக வந்தது. 'க'வை இரண்டு முறை தட்டியதும் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு நிம்மதி. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்புகளும், எழுத்துருவை நிறுவியதும் லிப்ரெ ஆபிஸில் ஒழுங்காகத் திறந்தன. யூடியூப் மட்டும் திணறியது. அது அனுப்பும் விபி9 வகைக் காணொளியைப் பிரிக்க இந்தப் பிராசசரின் கிராபிக்ஸில் தனி வசதி இல்லாததால் சுமை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது. எச்264 வகையையே கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றை உலாவியில் சேர்த்தேன். இப்போது விசிறி இரைவதில்லை.

அதே மாதத்தில் மகளுக்குப் புதிய மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். அவள் கட்டடக்கலை படிக்கிறாள். அவளுக்கு வேண்டிய ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது, இந்தப் பிராசசரும் அதைத் தாங்காது. அவளை இந்தக் கணினியோடு மல்லுக்கட்ட வைத்திருந்தால் அது சிக்கனமாக இருந்திருக்காது, அவள் படிப்புக்குச் செய்த தீங்காக இருந்திருக்கும்.

பழைய ஹார்டு டிஸ்க்கைச் சென்ற மாதம் சோதித்தபோது பழுதான பகுதிகள் தென்படத் தொடங்கியிருந்தன. அதிலிருந்த கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அதைக் கழற்றிவிட்டேன். அடுத்தது மதர்போர்டாக இருக்கும். அது போகிற அன்று இன்னொரு பழைய போர்டு தேடி அலைய மாட்டேன். எஸ்எஸ்டியையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபினட்டையும் வைத்துக்கொண்டு, போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் புதிதாக வாங்குவேன்.